கடவுளுக்கு முன்னால் தாழ்மை என்றால் என்ன?

குமரி மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஜெபச் சத்தம் புதிதல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே நூறு பேரில் ஏறத்தாழ 47 பேர் கிறிஸ்தவர்கள். கத்தோலிக்கர், சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), இரட்சணிய சேனை, லூத்தரன், மலங்கரை, பெந்தெகொஸ்தே என்று சபைகள் பல. பாட்டு வேறு, ஆராதனை முறை வேறு. ஆனாலும் எந்தச் சபைக்குப் போனாலும் "ஆண்டவரே, உம்முடைய சமுகத்தில் எங்களைத் தாழ்த்துகிறோம்" என்ற மாதிரி ஒரு வரி காதில் விழும். சின்ன வயதிலேயே பழகிப்போன வரி என்பதால் பெரியவர்கள் அதைப் பற்றி யோசிப்பதில்லை. திடப்படுத்தல் வகுப்புக்கு வரும் பிள்ளைகள்தான் சில நேரம் நேராகக் கேட்கிறார்கள்: "எதுக்கு நம்மள நாமே தாழ்த்தணும்? ஊர்ல மத்தவங்க தாழ்த்துறது போதாதா?"

நல்ல கேள்வி. அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லாமல் தாழ்மையைப் பற்றிப் பேசக்கூடாது என்று நினைக்கிறேன். இந்த மண்ணில் அந்தக் கேள்விக்குக் கனமும் அதிகம்.

சுருக்கமாகச் சொன்னால், கடவுளுக்கு முன்னால் நான் யாரோ அதை அப்படியே ஒப்புக்கொள்வதுதான் தாழ்மை. என்னை நானே உண்டாக்கிக்கொள்ளவில்லை. இந்த மூச்சும், படிப்பு ஏறிய புத்தியும், வளர்த்த தாய்தகப்பனும் எனக்குக் கிடைத்தவை. என்னிடம் தப்பு உண்டு. அதைத் தனியாகச் சரிசெய்ய எனக்கு முடியவில்லை. இவ்வளவும் தெரிந்த ஒருவர் என்னை நேசிக்கிறார். இந்தக் கடைசி வரியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அதை விட்டுவிட்டால் மிஞ்சுவது வெறும் தாழ்வுமனப்பான்மை. "நான் ஒன்றுக்கும் உதவாதவன்" என்று ஒருவர் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தால், அவர் நினைத்துக்கொண்டிருப்பது கடவுளை இல்லை, தன்னைத்தான். பெருமை பிடித்தவரும் அதையேதான் செய்கிறார்.

குனிய வைக்கப்பட்டவர்களின் ஊர்

இங்குள்ள பல குடும்பங்களில் சில தலைமுறைகளுக்கு முந்தையவர்கள் கட்டாயத்தின் பேரில் குனிந்தவர்கள். திருவிதாங்கூர் ஆட்சியில் கல்குளம், விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம் பகுதிகளில் நாடார் முதலிய பல சாதிப் பெண்கள் மேலாடை அணிய விடப்படவில்லை. 1820-களில் தொடங்கிய தோள்சீலைப் போராட்டம் விட்டு விட்டு 1859 வரை நீண்டது. சந்தையிலும் தெருவிலும் பெண்களின் சீலை கிழிக்கப்பட்டது. ஜெபக்கூடங்கள் எரிக்கப்பட்டன. 1859 ஜூலை 26 அன்று அரசு ஆணை வந்தபோதுகூட, மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனை அதில் ஒட்டிக்கொண்டு வந்தது.

அந்தப் பெண்களில் பலர் ஞாயிற்றுக்கிழமை முழங்கால்படியிட்டு "நாங்கள் பாவிகள்" என்று சொன்னவர்கள். வாரநாளில் தோள்சீலையோடு சந்தைக்குப் போனவர்களும் அவர்களே. இரண்டும் ஒரே நம்பிக்கையிலிருந்து வந்தன. எல்லாரும் ஒரே தரையில் மண்டியிடுகிறோம் என்றால், எழுந்த பிறகு ஒருவர் இன்னொருவருக்கு முன்னால் மானத்தை இழந்து நிற்க என்ன நியாயம் இருக்கிறது? கடவுளுக்கு முன்னால் தன்னைத் தாழ்த்துகிறவருக்கு மனிதருக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கத் தைரியம் வருகிறது. இந்த மாவட்டத்துச் சபை வரலாற்றில் இதைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

இதே காலத்தில் சாமித்தோப்பில் அய்யாவழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டர் ஆண்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபடச் சொன்னார். இன்றும் அங்கே அப்படித்தான் வழிபடுகிறார்கள். அவர்களுடைய வழி வேறு. ஆனால் இறைவன் முன் நிற்கிற மனிதனுக்கு மானம் உண்டு என்பதை இந்த மண் ஒரு வாயால் மட்டும் சொல்லவில்லை.

ஆகவே யாராவது உங்களிடம் "தாழ்மையாக இரு" என்று சொன்னால், அதனால் யாருக்கு வசதி என்று கொஞ்சம் பாருங்கள். வீட்டில் அடிபடுகிற பெண்ணிடமும், கூலி பிடிக்கப்பட்ட தொழிலாளியிடமும், சாதி சொல்லி ஒதுக்கப்பட்டவரிடமும் தாழ்மையைப் போதித்து வாயை அடைப்பது கிறிஸ்து காட்டிய வழி இல்லை. லூக்கா 14-ம் அதிகாரத்தில் அவர் தாழ்மையைப் பற்றிப் பேசியது விருந்தில் முதல் இருக்கையைத் தேடிப் பிடித்தவர்களிடம். தாழ்த்துகிற வேலை எப்போதும் என்னிடம் தொடங்க வேண்டும். அடுத்தவரைத் தாழ்த்தும் அதிகாரத்தை அது எனக்குத் தருவதில்லை.

ஆலயத்தில் இரண்டு பேர்

தாழ்மையான ஜெபம் எப்படி இருக்கும் என்று கேட்டால் முதலில் காட்ட வேண்டிய இடம் லூக்கா 18. இயேசு சொன்ன சிறிய கதை. யூதச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிற பரிசேயன் ஒருவன், வரி வாங்குகிற ஆயக்காரன் ஒருவன், இரண்டு பேரும் ஜெபிக்க ஆலயத்துக்குப் போகிறார்கள். பரிசேயன் கெட்டவன் என்று ஓய்வுநாள் பள்ளியில் சொல்லிக்கொடுத்துவிடுகிறோம், அது சரியில்லை. வாரத்தில் இரண்டு நாள் உபவாசம் இருக்கிறான், வருமானத்தில் பத்தில் ஒன்று கொடுக்கிறான். இன்றைக்கு நம் சபைக்கு வந்தால் கமிட்டியில் சேர்த்துக்கொள்வோம். அவன் ஜெபம்கூட நன்றியோடுதான் தொடங்குகிறது. கோளாறு அடுத்த வரியில் வருகிறது: "இந்த ஆயக்காரனைப் போல நான் இல்லை." கடவுளைப் பார்க்க வந்தவனின் கண் பக்கத்தில் நிற்பவன் மேல் போய்விட்டது. தன்னை அளக்க அடுத்தவனை அளவுகோலாக எடுத்துக்கொண்டான். அந்த அளவுகோலில் ஜெயிப்பது சுலபம். நம்மைவிட மோசமானவர் ஒருவர் எப்போதும் அகப்படுவார்.

ஆயக்காரனும் அப்பாவி இல்லை. அந்தக் காலத்து ஆயக்காரர்கள் ரோம அரசுக்காகச் சொந்த ஜனங்களிடம் வரி வாங்கியவர்கள், கணக்குக்கு மேலேயும் பிடுங்கியதால் வெறுக்கப்பட்டவர்கள். அவன் தூரத்தில் நிற்கிறான், மார்பில் அடித்துக்கொள்கிறான், ஒரே வரி சொல்கிறான்: "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்." காரணம் சொல்லவில்லை, யாரோடும் ஒப்பிடவில்லை. அவனே நீதிமானாக்கப்பட்டு வீட்டுக்குப் போனான் என்கிறார் இயேசு.

இந்தக் கதையைப் படிக்கிறவர்கள் அடுத்த அதிகாரத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அங்கே சகேயு வருகிறார், அவரும் ஆயக்காரர், அதுவும் தலைவர். இயேசு தன் வீட்டுக்கு வந்ததும் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்கிறார். மார்பில் அடித்துக்கொள்வது எங்கே போய் முடிய வேண்டும் என்று லூக்கா பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். தாழ்மையான ஜெபம் கண்ணீரோடு நின்றுவிடக்கூடாது. வட்டிக் கணக்குக்கும் அது போக வேண்டும்.

யோபின் கதை குமரிக்கு வந்த வழி

புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் டச்சுப் படையோடு வந்த ஒருவரின் கல்லறை இருக்கிறது. 1741-ல் குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் படையிலேயே தளபதியாக உயர்ந்த டிலனாய் அவர். நட்டாலத்தில் 1712-ல் பிறந்து பத்மநாபபுரம் அரண்மனையில் வேலை பார்த்த நீலகண்டன், வீட்டில் அடுத்தடுத்து நஷ்டம் வந்து மனம் உடைந்திருந்தபோது, டிலனாய் அவருக்கு யோபின் கதையைச் சொன்னார் என்பது சபை வழிவழியாகச் சொல்லிவருவது. 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் நீலகண்டன் ஞானஸ்நானம் பெற்றார். பெயர் தேவசகாயம்.

ஏன் யோபு? நஷ்டப்பட்டவருக்கு ஆறுதல் சொல்ல எளிமையான கதைகள் எத்தனையோ உண்டு. யோபின் புத்தகம் எளிதல்ல. எல்லாவற்றையும் இழந்த யோபு கடவுளிடம் வழக்காடுகிறார். பார்க்க வந்த நண்பர்களோ பக்தியாகப் பேசுகிறார்கள்: நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய், ஒப்புக்கொள், உன்னைத் தாழ்த்து. கேட்க எவ்வளவு சரியாக இருக்கிறது! கடைசியில் பெருங்காற்றிலிருந்து கடவுள் பேசுகிறார். "நான் பூமியை அஸ்திபாரப்படுத்துகிறபோது நீ எங்கேயிருந்தாய்?" என்று தொடங்கிக் கேள்வி மேல் கேள்வி. யோபு கையால் வாயைப் பொத்தி நிற்கிறார். அதோடு முடிந்திருந்தால் கடவுள் யோபை அடக்கிவிட்டார் என்று நினைப்போம். ஆனால் 42-ம் அதிகாரத்தில் கடவுள் அந்த நண்பர்களைப் பார்த்து, நீங்கள் என்னைக் குறித்துப் பேசியது சரியில்லை, என் தாசன் யோபு பேசியதே சரி என்கிறார்.

இதை நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். முறையிட்டவன் சரி, தாழ்மையைப் போதித்தவர்கள் தப்பு. கடவுளிடம் "ஏன் இப்படி?" என்று கேட்பது பெருமை இல்லை. பதில் முழுவதும் என் கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு அடுத்தவனின் துக்கத்துக்குக் காரணம் கண்டுபிடித்துச் சொல்வதுதான் பெருமை.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பவில்லை. கோட்டாறு சவேரியார் திருவிழா நடக்கிற நாட்கள் அவை. அப்படிப்பட்ட நேரத்தில் "கடவுள் தண்டித்துவிட்டார்" என்று யார் சொன்னாலும் அவர் யோபின் நண்பர்களோடு உட்கார்ந்திருக்கிறார். காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி குழித்துறையில் ரயிலை மறித்த ஜனங்கள் கோயிலில் கண்ணீரோடு ஜெபித்த ஜனங்களும்தான். ஜெபம் அரசாங்கத்தைக் கேள்வி கேட்கத் தடையாகவில்லை. யோபு 38-ல் கடவுள் கடலைப் பார்த்துச் சொல்கிற ஒரு வரி உண்டு: "இம்மட்டும் வா, மிஞ்சிவராதே, உன் அலைகளின் பெருமை இங்கே அடங்கக்கடவது." 2004 சுனாமியில் குளச்சலிலும் மணக்குடியிலும் அலை உள்ளே வந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்த வரி எளிதாகத் தொண்டையில் இறங்காது. விளக்கம் சொல்ல அவசரப்படாமல், துக்கப்படுகிறவரோடு உட்கார்ந்திருக்க முடிந்தால் அதுவே நல்ல தாழ்மை.

தேவசகாயத்துக்குத் திரும்பலாம். அரண்மனை வேலையும் சாதி அந்தஸ்தும் இருந்தவர், ஞானஸ்நானத்துக்குப் பிறகு தாழ்ந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு பழகினார், சேர்ந்து சாப்பிட்டார். 1749-ல் கைதானார். எருமையின் மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் அவமானப்படுத்தினார்கள் என்று சொல்லப்படுகிறது. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவமானப்படுத்தியவர்களால் அவரை அடிபணிய வைக்க முடியவில்லை. தானாக இறங்கிப் போய்ப் பந்தியில் உட்கார்ந்தவரை எருமை மேல் ஏற்றி எப்படி இறக்க முடியும்? 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது சாதிப் பெயர் இல்லாமல் தேவசகாயம் என்றே அறிவித்தார். அது எனக்கு மிகவும் பிடித்தது.

இறங்கி வந்த கடவுள்

இதுவரை சொன்னதில் பாதியைப் பிற சமயத்து நல்லவர்களும் ஒப்புக்கொள்வார்கள். கிறிஸ்தவத்தில் தாழ்மைக்கு இருக்கிற தனி அடிப்படை, கடவுளே தாழ்ந்தார் என்பது. பிலிப்பியர் 2-ம் அதிகாரத்தில் பவுல் அதைச் சொல்கிறார்: தேவனுடைய ரூபமாயிருந்தவர் அடிமையின் ரூபமெடுத்தார், சிலுவையில் சாகிற வரைக்கும் கீழ்ப்படிந்தார். நாம் தாழ்மையோடு கடவுளிடம் போகும்போது மேலே உட்கார்ந்து கும்பிடு எதிர்பார்க்கிற ஒருவரிடம் போகவில்லை. நமக்கு முன்னாலேயே கீழே இறங்கியவரிடம் போகிறோம்.

பெரிய வியாழனன்று நம் கோயில்களில் பாதம் கழுவுகிற சடங்கு நடக்கிறதே, அதன் மூலம் யோவான் 13. அங்கே யோவான் ஒரு காரணத்தை எழுதியிருப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. பிதா எல்லாவற்றையும் தம் கையில் கொடுத்தார் என்றும், தாம் தேவனிடத்திலிருந்து வந்தார் என்றும், தேவனிடத்திற்குப் போகிறார் என்றும் அறிந்தே இயேசு எழுந்து துண்டை இடுப்பில் கட்டினார். தான் யார் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. அதனால்தான் குனிய முடிந்தது. தன்னைப் பற்றிப் பயம் உள்ளவனுக்குக் குனிய வராது, குனிந்தால் யாராவது மிதித்துவிடுவார்களோ என்றே இருக்கும்.

பேதுரு மறுக்கிறார். என் கால்களை நீர் ஒருக்காலும் கழுவக்கூடாது என்கிறார். பார்க்கத் தாழ்மை மாதிரி இருக்கிறது. ஆனால் பெற்றுக்கொள்ள மனமில்லாமையும் பெருமைதான். நம் ஊரில் இந்த வகை ஆட்கள் நிறைய. எல்லா வீட்டுக் கல்யாணத்துக்கும் ஓடி ஓடி வேலை செய்வார்கள். தனக்கு உடம்புக்கு முடியாமல் போனால் யாருக்கும் சொல்லமாட்டார்கள், பக்கத்து வீட்டுக்காரி கஞ்சி கொண்டுவந்தால் கூச்சப்படுவார்கள். ஆண்டவரிடமும் அப்படித்தான், உழைத்துக் காட்டத் தெரியும், மன்னிப்பைச் சும்மா வாங்கிக்கொள்ளத் தெரியாது. இப்படிப்பட்டவர்களுக்குத் தாழ்மை என்பது இன்னும் அதிகமாக ஊழியம் செய்வது இல்லை. ஒரு நாள் சும்மா உட்கார்ந்து, காலை நீட்டிக் கொடுப்பது.

ஜெபிக்கத் தொடங்குவது

சரி, எங்கே தொடங்குவது? சொந்தமாக ஜெபிக்க வரவில்லை என்று புதியவர்கள் தயங்குவார்கள். கூட்டத்தில் அழகாக, மூச்சுவிடாமல் ஜெபிக்கிறவர்களைக் கேட்டு வரும் தயக்கம் அது. பிரான்சிஸ் சவேரியார் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் படித்து அங்கேயே பாடம் நடத்தியவர். 1542-ல் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. விசுவாசப் பிரமாணத்தையும் பரலோக மந்திரத்தையும் மற்றவர்களைக் கொண்டு தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத் தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். 1544 கடைசியில் நம் கடற்கரைக் கிராமங்களுக்கு வந்தபோதும் அந்த மனப்பாட ஜெபங்கள்தான் அவர் கையில். அவ்வளவு படித்தவருக்கு அது போதுமாக இருந்தது.

நீங்களும் கர்த்தருடைய ஜெபத்தில் தொடங்கலாம். வேகமாகச் சொல்லிப் பழகிவிட்டோம். ஒரு தடவை வரி வரியாக நிறுத்திச் சொல்லிப்பாருங்கள். முதல் மூன்று வேண்டுதலும் நம்மைப் பற்றியவை இல்லை. உம்முடைய நாமம், உம்முடைய ராஜ்யம், உம்முடைய சித்தம். மனதில் மகனின் விசா, மகளின் கல்யாணம், வங்கிக் கடன் என்று முட்டிக்கொண்டு நிற்கும்போது அதையெல்லாம் கொஞ்சம் பொறுக்கவைத்துவிட்டு அவருடைய நாமத்தைச் சொல்வதே ஒரு பயிற்சி. அப்புறம் அப்பம் வருகிறது, அதுவும் இன்றைக்குத் தேவையானது மட்டும். "எனக்கு" என்று ஓர் இடத்திலும் இல்லை, எல்லாம் "எங்களுக்கு". பிறகு மன்னிப்பு, அதில் நான் மன்னித்தேனா என்ற கேள்வியும் சேர்ந்தே வருகிறது. இந்த ஜெபத்தை உண்மையாகச் சொல்லி முடிப்பவர் தொடங்கியபோது இருந்த மாதிரி இருக்க முடியாது.

வழிபாட்டிலேயே இருக்கும் வரிகளையும் கவனியுங்கள். கத்தோலிக்கத் திருப்பலியில் நற்கருணைக்கு முன்னால், நீர் என் இல்லத்தில் எழுந்தருளி வர நான் தகுதியற்றவன் என்று எல்லாரும் சேர்ந்து சொல்கிறார்கள். தன் வேலைக்காரனுக்குச் சுகம் கேட்டு வந்த ரோம நூற்றுக்கு அதிபதியின் வார்த்தை அது. சிஎஸ்ஐ திருவிருந்து ஆராதனையிலும் எங்கள் சொந்த நீதியை நம்பி வரவில்லை என்ற ஜெபம் உண்டு. தகுதியில்லை என்று சொல்லிவிட்டு யாரும் திரும்பிப் போவதில்லை, எழுந்து பந்திக்குப் போகிறார்கள். அந்த இரண்டும் சேர்ந்ததுதான் பாடம்.

நேரம், இடம் பற்றிக் கவலைப்பட வேண்டாம். விடியுமுன் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவருக்கு அதிகாலை ஜெபக் கூட்டம் முடியாது, கடலுக்குப் போனவருக்கு வீட்டு ஜெபம் முடியாது. மரத்துக்கு மரம் நடக்கும்போது ஆயக்காரனின் அந்த ஒரே வரி போதும். முழங்கால்படியிட முடிந்தால் நல்லது, உடம்பு தாழும்போது மனசும் கொஞ்சம் தாழும். மூட்டுவலிக்காரர்கள் நாற்காலியில் உட்காரலாம், அதில் குறைவு ஒன்றும் இல்லை.

வார்த்தைகள் முடிந்த பிறகு கொஞ்சம் பேசாமல் இருங்கள். சங்கீதம் 131 இதற்கு நல்ல துணை. மூன்றே வசனம். எனக்கு மிஞ்சின காரியங்களில் நான் தலையிடவில்லை, தாயிடம் பால்மறந்த குழந்தையைப் போல இருக்கிறேன் என்கிறது. பால் குடிக்கிற குழந்தை தாயிடம் எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கும். பால்மறந்த குழந்தை சும்மா மடியில் இருக்கும்.

தன்னைப் பார்ப்பது

ஜெபத்தோடு சேர்ந்து போக வேண்டியது தியானம், அதிலும் தன்னைச் சோதித்துப் பார்ப்பது. சவேரியாரின் நண்பரும் இயேசு சபையை நிறுவியவருமான இக்னேஷியஸ் இதற்கு ஒரு முறை வகுத்தார். அந்த நாளுக்காக முதலில் நன்றி சொல்ல வேண்டும், வெளிச்சம் கேட்க வேண்டும், பிறகு அன்றைய பொழுதைக் காலையிலிருந்து நினைத்துப் பார்த்து, தவறியதற்கு மன்னிப்புக் கேட்டு, நாளைக்குச் செய்ய வேண்டியதை ஆண்டவரிடம் சொல்ல வேண்டும். நன்றி முதலில் வருவதைக் கவனியுங்கள். குற்றத்தில் தொடங்கினால் பலர் பாதியிலேயே மனம் விட்டுவிடுவார்கள்.

எவ்வளவு ஆழமாகப் போவது என்பதில் கவனம் வேண்டும். ரப்பர் மரத்தில் பட்டையை மேலாகச் சீவினால் சிரட்டையில் பால் விழாது. கத்தி பட்டையைத் தாண்டித் தடியில் இறங்கினால் மரத்துக்கே காயம், அந்த இடம் முண்டாகிப் பிறகு வெட்ட முடியாமல் போகும். தன்னைச் சோதிப்பதும் அப்படித்தான். "மனுஷன்தானே, தப்பு வரத்தான் செய்யும்" என்பது மேலே சீவுவது. என் பிறவியே கேடு என்று தன்னைத் தானே குத்திக்கொண்டிருப்பது தடியில் வெட்டுவது. நடுவில் உள்ளதுதான் வேண்டும்: இன்று மத்தியானம் தம்பியிடம் பேசிய அந்த வார்த்தை, வேலைக்காரம்மாவுக்குக் கொடுக்காமல் தள்ளிப்போட்ட கூலி, இன்னார் மகனுக்கு மார்க் குறைந்ததைக் கேட்டபோது உள்ளுக்குள் வந்த சந்தோஷம். பெயர் சொல்லி, நேரம் சொல்லி ஒப்புக்கொள்ளுங்கள். தன்னை வெறுக்கிற எண்ணம் நாட்கணக்கில் விடாமல் இருந்தால் அது தாழ்மை இல்லை, நோயாக இருக்கலாம். போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ பேசுவதோடு மருத்துவரையும் பாருங்கள்.

இன்னொரு கண்ணி உண்டு. தாழ்மையையே காட்சியாக்குவது. கொலோசெயர் 2-ல் பவுல் மாயமான தாழ்மை என்றே ஒன்றைச் சொல்கிறார். சாட்சி சொல்லும்போது "நான் ஒன்றுமில்லை, எல்லாம் கர்த்தர்" என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் தன் சாதனையைப் பேசுவது, ஏழைக்குக் கொடுத்த அரிசி மூட்டையோடு போட்டோ எடுப்பது, கல்வெட்டில் பெயர் விட்டுப்போனதற்காகச் சபையை விட்டே போவது. இதையெல்லாம் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது, அந்த ஆட்களில் பலர் நல்ல மனசுக்காரர்கள்.

திறமையை மறைப்பதும் தாழ்மை ஆகாது. நெய்யூர் மருத்துவமனையில் பல ஆண்டுகள் அறுவை சிகிச்சை செய்த டாக்டர் சோமர்வெல், 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் பயணங்களில் போனவர். இரண்டாவது முறை ஏறத்தாழ 28,000 அடி வரை ஏறினார். 1922 பயணம் முடிந்து தெற்கே வந்தபோது நெய்யூரில் நோயாளிகளின் கூட்டத்தையும் போதிய மருத்துவர் இல்லாததையும் பார்த்து, லண்டனில் காத்திருந்த வாழ்க்கையை விட்டு இங்கே வந்துவிட்டார். "எனக்குக் கத்தி பிடிக்கத் தெரியாது" என்று அவர் சொல்லவில்லை. தெரிந்ததைத் தேவைப்பட்ட இடத்தில் வைத்தார். நன்றாகப் பாடுகிறவர் பாடட்டும், கணக்குத் தெரிந்தவர் சபைக் கணக்கை எழுதட்டும். பாராட்டினால் "நன்றி" என்று வாங்கிக்கொள்ளலாம், ஆளைத் தள்ளிவிட வேண்டாம்.

இவ்வளவிலும் கடினமான பயிற்சியைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். மத்தேயு 5-ல் இயேசு சொல்கிறார்: காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்த இடத்தில் உன் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு. நம் மாவட்டத்தில் விளையின் எல்லைக்கல்லுக்காக அண்ணன் தம்பி பேசாத வீடுகள் எத்தனை! ஒரே கோயிலில் வேறு வேறு வரிசையில் உட்கார்ந்து ஒரே பந்தியில் கலந்துகொள்கிறார்கள். தவக்காலமோ லெந்து நாட்களோ வரும்போது தொடங்க நல்ல சமயம். நேரில் போங்கள், வாட்ஸ்அப்பில் வேண்டாம். "அண்ணே, அன்னைக்கு நான் பேசினது தப்பு" என்று சொன்னால் போதும், அவர் செய்ததையும் சேர்த்துப் பட்டியல் போட வேண்டாம். நிலத்தில் உங்களுக்கு நியாயமான பங்கு இருந்தால் அதை விட்டுக்கொடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. வழக்கு அதன் வழியில் நடக்கட்டும், மன்னிப்பு நீங்கள் பேசிய பேச்சுக்குத்தான். அவர் கதவைச் சாத்தினால் திரும்பி வந்து அவர் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். அடுத்து ஏதாவது கல்யாண வீட்டில் பார்க்கும்போது நீங்களே முதலில் போய்ப் பேசுங்கள்.